எருசலேமில் பஸ்கா வாரம்: பலிபீடம் திரும்ப வருமா?

ஏப்ரல் 15, 2019, திங்கள்

விடுதியின் முன்னறைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நுழைந்தபோது, அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் நாற்காலிகளை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். பாரிஸ் நகரத்தின் நோத்ருதாம் பேராலயம் எரிந்துகொண்டிருந்தது. அதன் கூரைக் கோபுரம் ஒடிந்து நெருப்புக்குள் விழுந்த காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். விடுதியை நடத்தும் அம்மையார், அறுபதைத் தாண்டியவர், என் கடவுச்சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "எங்கள் ஆலயம் எரிந்து ஏறக்குறைய 1,950 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் தரையில் உட்கார்ந்து அழுகிறோம்."

நான் இங்கு வந்த காரணமும் அந்த ஆலயம்தான். பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் படித்த காலத்தில் லேவியராகமத்தை வரி வரியாக வாசித்திருக்கிறேன். சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்ற ஐந்தும் இன்றும் எனக்கு மனப்பாடம். இவையெல்லாம் சிலுவையோடு முடிந்துவிட்டன என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்த நூலை முதலில் பெற்றுக்கொண்ட யூதர்கள் அப்படிச் சொல்வதில்லை. கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தைக் கொளுத்தியதால் நின்றுபோன பலி, அவர்கள் இன்னும் காத்திருக்கும் மேசியாவின் நாளில் மறுபடியும் தொடங்குமா? ஆட்டையும் மாட்டையும் மீண்டும் பீடத்தின்மேல் வைப்பார்களா? வயது ஐம்பத்தெட்டான பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

இரவுச் சாப்பாடு மைசூர்ப் பருப்புச் சூப்பும் ரொட்டியும். விலை 28 ஷெகல், அதாவது நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அம்மையார் ரொட்டியைப் பிட்டு, ஆசீர்வாதம் சொல்லி, உப்பில் மூன்று முறை தொட்டு வாயில் வைத்தார். ஏன் உப்பு என்று கேட்டேன். "உன் காணிக்கை எல்லாவற்றோடும் உப்பையும் படைப்பாயாக என்று எழுதியிருக்கிறதே, ஆலயம் இல்லாத காலத்தில் உணவு மேசைதான் பலிபீடம் என்று எங்கள் ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். நாற்பது ஆண்டுகளாக நான் வாசித்துக் கடந்துபோன ஒரு வசனத்தை, இந்தப் பெண் தினமும் விரலால் தொட்டு உண்கிறார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலையில் நல்ல குளிர். டிராமில் 5.90 ஷெகல் கொடுத்துப் பழைய நகரத்துக்குப் போனேன். உள்ளே தெருக்கள் முழுவதும் கல் பாவியவை. பல நூற்றாண்டுக் காலடிகள் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன. படியில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். எள் தூவிய வளைய ரொட்டி விற்ற அரபுப் பெரியவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, தண்ணீர்ப் புட்டியால் காயத்தைக் கழுவி, தம் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார். ரொட்டியுடன் சாத்தர் என்ற மூலிகைப் பொடியைத் தாளில் மடித்துத் தந்தவர், காசு வாங்க மறுத்துவிட்டார்.

மேற்குச் சுவருக்கு அருகில், ஆலயம் நின்றிருந்த மலைக்கு ஏறும் மரப்பாலத்தின் தொடக்கத்தில், தலைமை ரப்பிமன்றத்தின் அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தின் பரிசுத்தம் காரணமாக அங்கே நுழைவது யூத வேதச் சட்டமான தோராவின்படி தடை செய்யப்பட்டது என்று அது சொல்கிறது. பலி செலுத்த அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அந்த மலை. அந்த மலைக்கு ஏறவே கூடாது என்று சமயத் தலைமை சொல்கிறது. மேலே 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பொற்குவிமாடம் நிற்கிறது. அதன் தெற்கே அல்-அக்ஸா மசூதி. தொழுகைக்கு ஏறிச் செல்லும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பலியைப் பற்றிய பேச்சு இந்த ஊரில் வெறும் வேதபாடம் அல்ல என்பது உறைத்தது. இங்கே அவசரப்படுகிறவர்கள் சிந்தவைக்கக்கூடியது ஆட்டின் இரத்தத்தை மட்டும் அல்ல.

அவசரப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பஸ்காவுக்கு முன் சிலர் ஆட்டுக்குட்டியோடு மலையை நோக்கிப் புறப்படுவதும், காவல்துறையினர் வழியிலேயே அவர்களைப் பிடித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு மார்ச் மாதம், மலையின் தென்சுவரை ஒட்டிய தொல்பொருள் பூங்காவில், முறைப்படி ஆட்டை அறுத்து ஓர் ஒத்திகையே நடத்தினார்கள்.

யூதர் குடியிருப்பில், 1987இல் தொடங்கப்பட்ட ஆலய ஆய்வுக் கழகத்தின் காட்சிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளி எக்காளங்கள், இரத்தம் ஏந்தும் பாத்திரங்கள், தூபபீடம், பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம் எல்லாம் இருந்தன. இவற்றை மாதிரிப் பொருள்கள் என்று சொல்ல வழிகாட்டிய இளம்பெண் ஒப்பவில்லை. "இவை பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவை" என்றார். இரத்தம் ஏந்தும் வெள்ளிக் கிண்ணத்தின் அடிப்பாகம் கூம்பாக இருந்தது. கீழே வைத்தால் சாய்ந்துவிடும். இரத்தம் உறையாதபடி ஆசாரியர் அதைக் கையிலிருந்து இறக்காமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்களாம். லேவியராகமத்தை எத்தனையோ முறை வாசித்திருந்தும், இரத்தம் உறையும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

சிவப்புக் கிடாரியைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னார். "பழுதற்றதும் ஊனமில்லாததும் நுகத்தடிக்கு உட்படாததுமாகிய சிவப்பான ஒரு கிடாரி" என்று எண்ணாகமம் சொல்வதன் சாம்பல் இல்லாமல், பிணத்தைத் தொட்ட தீட்டு நீங்காது. தீட்டு நீங்காமல் ஆலயத்துக்குள் ஊழியம் செய்ய முடியாது. வேறு நிறத்தில் இரண்டு முடி இருந்தாலே கிடாரி தள்ளப்பட்டுவிடும். மோசேயின் காலம் தொடங்கி இரண்டாம் ஆலயம் அழிந்தது வரை ஒன்பது கிடாரிகள் எரிக்கப்பட்டன என்பது மரபு. பத்தாவதை மேசியாவே எரிப்பார் என்று யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் எழுதிவைத்திருக்கிறார். அப்படியானால் இப்போது கிடாரியைத் தேடுவது எதற்கு என்று கேட்டேன். "மணமகன் வரும்போது வீடு தயாராக இருக்க வேண்டாமா?" என்றார். அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரல் 17, புதன்

அம்மையாரின் அண்ணன், பள்ளியில் வேதபாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், என்னைத் தீவிர சமயப்பற்றுள்ள யூதர் வாழும் மேயா ஷெயாரிம் பகுதிக்கு அழைத்துச் சென்றார். தெருமுனையில் அண்டாக்களில் நீர் கொதிக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் வலைப்பைகளில் கரண்டி, குக்கர் மூடி, வாணலி என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஓர் ஆள் அவற்றைக் கொக்கியில் மாட்டி வெந்நீரில் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் போடுகிறார். புளித்த மாவின் சாயல்கூட பஸ்காவில் இருக்கக்கூடாது. நீராவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஒரு சிறுவன் கேட்காமலேயே தன் சட்டை நுனியை நீட்டினான்.

நடந்துகொண்டே பெரியவர் சொன்னவற்றை இங்கே முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

யூத மரபில் இந்தக் கேள்விக்கு வலுவான இரண்டு விடைகளும் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்ற ஒரே மனிதரிடம் இருக்கின்றன. தம் சட்டத் தொகுப்பில் அவர் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை: மேசியாவாகிய ராஜா எழும்புவார், ஆலயத்தைக் கட்டுவார், சிதறிய இஸ்ரவேலைச் சேர்ப்பார், பலிகள் மீண்டும் செலுத்தப்படும். ஆனால் தத்துவ நூலில் அவரே வேறு மாதிரி பேசுகிறார். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் மிருகபலியால்தான் தெய்வத்தை வணங்கியது. மனித இயல்பு ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு ஒரே தாவலில் போகாது. ஆகவே கடவுள் பலியை விட்டுவைத்து, அதைத் தமக்கென்று திருப்பி, ஓர் இடத்துக்கும் ஒரு குலத்துக்கும் சுருக்கினார். இன்றைக்கு ஒரு தீர்க்கதரிசி வந்து, ஜெபமும் உபவாசமும் வேண்டாம், மனத்தால் நினைத்தால் போதும் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் அன்று பலியை நிறுத்தச் சொல்வதும் இருந்திருக்கும் என்று உவமை காட்டுகிறார்.

அடுத்த நூற்றாண்டில் நாக்மனிடஸ் என்ற ரப்பி இதை மிகக் கடுமையாக மறுத்தார். ஆபேல் பலியிட்டபோதும், வெள்ளம் வடிந்தபின் நோவா பலியிட்டபோதும், உலகில் விக்கிரக வணக்கக்காரர்கள் யார் இருந்தார்கள்? பலி வெறும் விட்டுக்கொடுத்தல் என்றால் அந்தச் சுகந்த வாசனைக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நியாயமாகவே பட்டது.

"விட்டுக்கொடுத்ததுதான் என்றால், மேசியாவின் காலத்தில் அது ஏன் திரும்ப வர வேண்டும்?" என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் நின்றுவிட்டார். "ஒரு கட்டளைக்குக் காரணம் கண்டுபிடித்தால் அந்தக் கட்டளை ரத்தாகிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. நீங்கள் நினைக்கிறீர்கள்" என்றார். அவர் குரலில் கடிந்துகொள்ளல் இல்லை. என்னிடம் மறுமொழியும் இல்லை.

மாலையில் ரப்பி கூக் பெயர் கொண்ட தெருவில் நின்றோம். 1921இல் இந்த நாட்டின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்) தலைமை ரப்பியானவர் அவர். மேசியாவின் யுகத்தில் மிருகங்களும் அறிவில் உயர்ந்துவிடும், அப்போது ஆலயத்தில் தானியக் காணிக்கை மட்டுமே இருக்கும் என்று தம் ஜெபநூல் விளக்கத்தில் அவர் எழுதினார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது மல்கியா 3:4. தமிழ் வேதாகமத்தில் அங்கே "யூதாவின் காணிக்கையும், எருசலேமின் காணிக்கையும்" என்று பொதுவாக இருக்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல் 'மின்ஹா'. லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் மெல்லிய மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் சேர்த்துப் படைக்கும் போஜனபலிக்கு உரிய அதே சொல். தெருவிளக்கின் கீழ் கைப்பேசியில் இரண்டு வசனங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே கூக், பழைய நகரத்தில் பலிச் சட்டங்களைக் கற்பிக்க ஒரு வேதபாடசாலையையும் தொடங்கியவர் என்று பெரியவர் நினைவூட்டினார். வேறு இடங்களில் பலி திரும்பும் என்றே எழுதியிருக்கிறாராம். "அவரை உங்கள் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம்" என்றார்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று கெரிசீம் மலை. இங்கே வாழும் சமாரியர் யூதர் அல்லர். தங்களை இஸ்ரவேலர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மோசேயின் ஐந்து ஆகமங்கள் மட்டுமே அவர்களுடைய வேதம். அவர்களுக்கு எருசலேம் அல்ல, கெரிசீமே கடவுள் தேர்ந்தெடுத்த இடம். மொத்தம் ஏறக்குறைய 800 பேர்தான். அவர்களுடைய ஆலயத்தை யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்கானு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டான். ஆனாலும் ஆலயம் இல்லாமலேயே பஸ்கா ஆட்டை இன்றுவரை அறுக்கிறார்கள். யூதர் ஏட்டில் வைத்திருப்பது இங்கே நெருப்பில் நடக்கிறது.

சுற்றுலா வேனில் வந்த நாங்கள் பன்னிரண்டு பேர். கடல்மட்டத்திலிருந்து 881 மீட்டர் உயரம். சூரியன் இறங்க இறங்கக் காற்று எலும்பில் குத்தியது. நான் ஒரு மெல்லிய சட்டையோடு வந்திருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு சமாரிய மூதாட்டி தம் சால்வையின் பாதியை என் தோளில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் தம் பேரனைப் பார்க்கத் தொடங்கினார்.

வெள்ளை உடுத்த ஆண்கள் நீண்ட பள்ளத்தின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். கால்களுக்கு நடுவே ஆடுகள். பிரதான ஆசாரியர் பழைய எபிரேயத்தில் யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை வாசிக்க, கூட்டம் முழுக்குரலில் கூடவே சொல்லியது. "அந்திநேரத்தில் அடிப்பார்களாக" என்ற பொருள் வரும் இடத்தில் கத்திகள் இறங்கின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கைதட்டல், கட்டித்தழுவல், பாட்டு. தகப்பன்மார் விரலில் இரத்தம் தொட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் இட்டார்கள். எனக்கு மிக அருகே நின்ற ஆடு, கழுத்து அறுபட்ட பிறகும் பின்னங்காலை நான்கைந்து முறை உதைத்தது. அதைப் பிடித்திருந்த இளைஞன், அது அடங்கும்வரை அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தான். அந்தக் கை மிருதுவாகத்தான் இருந்தது.

வெந்நீர் ஊற்றி உரோமத்தைப் பிடுங்கி, குடலை எடுத்து, உப்பிட்டு, நீண்ட மரக்கம்புகளில் கோத்து, செந்தணல் நிரம்பிய ஆழமான குழிகளில் இறக்கி, மேலே தழையும் சேறும் போட்டு மூடினார்கள். கொழுப்பு எரியும் புகை கண்ணைக் கரித்தது. இதைத்தான் லேவியராகமம் சுகந்த வாசனை என்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பசிக்கவும் செய்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. நள்ளிரவில் குழிகளைத் திறந்து, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் அவசரமாகச் சாப்பிட்டார்கள், மிச்சத்தை எரித்தார்கள். எங்கள் வேன் அதற்கு முன்பே கிளம்ப வேண்டியது. ஓட்டுநரைக் காணாமல் குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்றதால்தான் அதையும் பார்க்க முடிந்தது.

விலங்கைக் கொல்வது தவறு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை; நான் கறி சாப்பிடுகிறவன். இவர்களோ முகம் பார்த்து, பெயர் சொல்லி, பிள்ளைகளை அருகில் நிறுத்தி அறுக்கிறார்கள். ஆனாலும் நாளையே எருசலேமில் இது தொடங்க வேண்டும் என்று விரும்புகிறாயா என்று என்னைக் கேட்டால், என் உள்ளம் கூக் காட்டிய மாவுக்கும் எண்ணெய்க்கும்தான் போகிறது. உதைத்த அந்தப் பின்னங்காலைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழியில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

எங்களுக்குப் பெரிய வெள்ளி, இவர்களுக்குப் பஸ்காவுக்கு முந்திய நாள். முற்பகலில் தெருவெங்கும் சிறு நெருப்புகள். மிஞ்சிய ரொட்டியைத் தகர டப்பாக்களில் போட்டு எரிக்கிறார்கள். பிற்பகலில் பழைய நகரத்து ஆராதனை முடிந்து திரும்பினால் டிராம் நின்றுபோயிருந்தது. ஓய்வுநாள் தொடங்கப் போகிறது என்பதை மறந்துவிட்டேன். அம்மையார் அழைத்திருந்த இரவு விருந்துக்குத் திராட்சரசம் வாங்கிப் போகலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், பூ வாங்குங்கள்" என்று கடைக்காரர் அக்கறையாகத் திருத்தினார். 60 ஷெகல் கொடுத்து வாங்கிய பூங்கொத்தைப் பிடித்தபடி, காயம்பட்ட முழங்காலோடு ஒரு மணி நேரம் நடந்தேன்.

அம்மையாரின் வீட்டில் பஸ்கா விருந்து. மேசையில் பதினான்கு பேர். அரமேய மொழியில் "பசித்திருக்கிற எவரும் வந்து உண்ணட்டும்" என்று தொடங்கினார்கள். நடுத்தட்டில் கசப்புக் கீரை, அவித்துச் சுட்ட முட்டை, தீயில் வாட்டிய ஒரு கோழி எலும்பு. அந்த எலும்புதான் பஸ்கா ஆட்டுக்கு ஞாபகம்.

பழைய ஞானி ஒருவரின் சொற்படி மூன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பஸ்கா, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை. அப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது பெரியவர் அதைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கீரையையும் எடுத்தார். ஆனால் "ஆலயம் நின்றிருந்த காலத்தில் எங்கள் பிதாக்கள் உண்ட பஸ்கா" என்று சொன்னபோது எலும்பைப் பார்த்தார்; கை தட்டின் விளிம்புவரை போய் அங்கேயே நின்றது. எடுக்கவில்லை. எடுத்தால் அதைப் பலியாகப் பிரதிஷ்டை செய்ததுபோல் தோன்றிவிடுமாம். இதே காரணத்தால் இந்த இரவில் சுட்ட கறியும் கிடையாது. மாட்டுக்கறியைக் குழம்பாகத்தான் வைத்திருந்தார்கள். பலிக்கு இவ்வளவு நெருங்கி வந்து, தொடாமல் நிற்கும் அந்த விரல்களை நான் மறக்கப்போவதில்லை.

விருந்தின் இரண்டாம் திராட்சரசக் கிண்ணத்துக்கு முன் வரும் ஆசீர்வாதத்தில், பலிபீடத்தின் சுவரில் இரத்தம் படும் அந்தப் பலிகளையும் பஸ்காக்களையும் அங்கே உண்போமாக என்று வெளிப்படையாகவே வேண்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள் அதையும் மெட்டோடு பாடினார்கள்.

அப்பத்தைப் பிட்டு எனக்குத் தந்தபோது பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆலயம் இருந்திருந்தால் இன்றிரவு இந்த மேசையில் ஆட்டுக்கறி இருக்கும். அந்நியன் அதைப் புசிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. உங்களை நான் கூப்பிட்டிருக்க முடியாது." சற்று நேரம் கழித்து, "அதற்காக நான் ஜெபிப்பதை நிறுத்தமாட்டேன்" என்றார்.

ஏப்ரல் 20, சனி

காலையில் நல்ல வெயில். பெரியவர் ஜெபாலயத்துக்குப் போய்விட்டார். அம்மையாருக்கு மூட்டுவலி, வீட்டிலேயே ஜெபித்தார். அலமாரியிலிருந்து இரண்டு ஜெபநூல்களை எடுத்து என் முன் விரித்து வைத்தார். ஒன்று அவருடையது. பண்டிகைக்குரிய கூடுதல் ஜெபத்தில், "அங்கே உமது சந்நிதியில் எங்கள் கடமையான பலிகளைச் செலுத்துவோம்" என்று இருக்கிறது. மற்றது அமெரிக்காவில் பிறந்த அண்ணியுடையது, கன்சர்வேடிவ் என்ற யூதப் பிரிவினரது. 1946இல் அவர்கள் வெளியிட்ட நூலில் வினைச்சொல்லை மாற்றினார்கள்: அங்கே எங்கள் பிதாக்கள் "செலுத்தினார்கள்". சீர்திருத்தப் பிரிவினர் அதற்கு வெகு முன்பே, 1885இல் பிட்ஸ்பர்கில் கூடி, ஆரோனின் புத்திரர் செய்யும் பலி ஆராதனையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆலயம் இடிந்து கிடந்ததைப் பார்த்துப் புலம்பிய தம் சீடரிடம், நமக்கு அதற்கு ஈடான பாவநிவர்த்தி ஒன்று உண்டு, அது இரக்கச் செயல் என்று அந்தக் காலத்து ஞானி ரப்பான் யோகனான் பென் சக்காய் சொன்ன கதையையும் அம்மையார் சொன்னார். சொன்னவர் ஓசியாவை மேற்கோள் காட்டினாராம். "பலியை அல்ல இரக்கத்தையும்" என்று நான் தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்த ஒலியை ரசித்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வருங்காலத்தில் எல்லாப் பலிகளும் நின்றுபோகும், ஸ்தோத்திரபலி மட்டும் நிற்காது என்று மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கம் ஒன்று சொல்வதையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

உங்கள் மனத்தில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்று கேட்டேன். அவர் புன்னகைத்து, இரண்டு நூல்களையும் மூடி வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் ஆலய மலை இருக்கும் திசையை நோக்கிக் கால்களைச் சேர்த்து நின்றார். மனப்பாடமாகவே ஜெபித்தார். உதடுகள் அசைந்தன. அந்த ஜெபத்தை வாய்க்குள்ளேயே சொல்ல வேண்டும் என்பது விதி. நான் மூன்றடி தூரத்தில் நின்றும் என் காதில் எதுவும் விழவில்லை.